பருத்தித்துறைக் குருவிக்கு முத்துவின் பெயர்



போன கிழமை தரம் 7 வகுப்பில் ஒரு பொடியனின் பையில் கெட்டப்போல் பிடிபட்டது. ஏசுவதற்குப் பதிலாக ஒரு கதை சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்கர் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் 1846இல் இலங்கைக்கு வந்தார். யூனுஸ் நபியின் ஊரான நினிவேயைத் தோண்டிய ஒஸ்டின் ஹென்றி லேயார்டின் தம்பி இவர். அண்ணன் மண்ணைக் கிண்டினார், தம்பி பறவைகளின் பின்னால் அலைந்தார். இலங்கைப் பறவைகள் பற்றிய அவருடைய குறிப்புகள் 1853, 1854ஆம் ஆண்டுகளில் லண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தன. அதில் பருத்தித்துறையில் கிடைத்த ஒரு சின்னக் குருவியைப் புதிய இனம் என்று எழுதி, அதற்கு 'முத்துயி' என்று பெயர் வைத்தார். லத்தீன் முறையில் அதற்கு 'முத்துவினுடைய' என்று பொருள். முத்து அவருடைய சமையல்காரர். குருவியைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான்.

லேயார்டின் மனைவி பெயரிலும் ஒரு கிளி உண்டு, 1849இல் பிளைத் என்ற அறிஞர் வைத்தது. துரைசானிக்கு ஒரு கிளி, சமையல்காரருக்கு ஒரு குருவி! அந்தக் காலத்தில் இது பெரிய மனசுதான். ஆனால் ஆங்கிலத்தில் அதே குருவியை 'லேயார்டின் ஈப்பிடிப்பான்' என்றும் அழைத்தார்கள். பேச்சு வழக்கில் துரையின் பெயர், லத்தீனில் மட்டும் முத்துவின் பெயர். முத்து என்பது முத்துக்குமாருக்கும் பொருந்தும், முத்து முகம்மதுவுக்கும் பொருந்தும். ஆகவே எல்லோரும் உரிமை கொண்டாடலாம்.

சிட்டுக்குருவியை விடச் சிறியது. உடம்பு பழுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். நிழலில் தாழ்வான கொப்பில் சத்தமில்லாமல் இருந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். விடியலிலும் மைம்மலிலும்தான் கூடுதலான ஓட்டம். பாட்டும் மெல்லியது, பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். வடகிழக்கு இந்தியா, மியன்மார், தென்சீனப் பக்கத்துக் காடுகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, ஒக்டோபர் அளவில் கேரளப் பக்கத்து மலைகளுக்கும் இலங்கைக்கும் வரும். இங்கே அதற்குப் பிடித்தது தெற்கின் ஈரவலயக் காடு. குடாநாட்டில் காண்பது அரிது. உலக அளவில் அழியும் நிலையில் உள்ள பறவை அல்ல. ஆனால் போகும் இடத்திலும் வரும் இடத்திலும் நிழல் வேண்டும், இடையில் களைப்பாற ஒரு மரமும் வேண்டும். பாக்குநீரிணையைத் தாண்டி வரும் பறவைகளுக்குக் கோடிக்கரைக்கு நேரெதிரே உள்ள எங்கள் கரைதான் முதல் கரைகளில் ஒன்று.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று நாங்கள் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வருடக்கணக்கில் இருந்தோம். திரும்பி வந்தபோது சோனகர் தெருவில் கூரையில்லாத வீடுகளுக்குள்ளே ஆலும் வேம்பும் ஆள் உயரம் தாண்டி நின்றன. வெட்டினோம். வெட்டாமல் எப்படி வீடு கட்டுவது? அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வீடு கட்டி முடிந்த பிறகும் குப்பை விழுகிறது என்று வளவின் கடைசி வேம்பையும் தறிக்கிறோமே, அதற்கு என்னிடம் நியாயம் இல்லை.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் காக்கிறது. 1938இல் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமானது. ஆனால் சுண்டிக்குளம் நீர்ப்பறவைகளுக்குப் பேர் போனது. வேலிக்குருவிக்கு வேலியும் வளவும்தான் சரணாலயம்.

கதை முடிந்ததும் அந்தப் பொடியன் எழும்பி, "சேர், முத்து கெட்டப்போலாலயா அடிச்சவர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அந்தக் காலத்தில் குருவியைப் படம் பிடிக்கக்கூடிய கமரா இல்லை, செத்த பறவையை வைத்துத்தான் பெயர் எழுதினார்கள், இன்று உன் வாப்பாவின் போன் போதும் என்றேன்.

கெட்டப்போல் இன்னும் என் மேசை லாச்சியில்தான் கிடக்கிறது. இந்த ஒக்டோபரில் உங்கள் வளவு நிழலில் வெள்ளை வளையக் கண்ணோடு ஒரு பழுப்புக் குருவியைக் கண்டால், படம் எடுத்து இதன் கீழே போடுங்கள். அவனிடம் காட்ட வேண்டும்.