பிசிறு விட்ட ஓரம்

"கண்ணு, இந்த ஊசியில நூலக் கோத்துக் குடு." நம் வீடுகளில் வளர்ந்தவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு ஊசிக்காது தெரிவதில்லை, ஆறு வயதுக் கண்ணுக்குத் தெரியும். நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, கோத்துக் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிடுவோம். தையலின் வரலாற்றை எழுதியவர்கள் இந்தக் கையைப் பெரும்பாலும் கணக்கில் எடுத்ததில்லை. தைத்தவளையே கணக்கில் எடுக்காதவர்கள் நூல் கோத்தவளையா எடுக்கப்போகிறார்கள்?

அலபாமாவில் ஆற்று வளைவில் இருக்கிறது ஜீஸ் பெண்ட் என்னும் ஊர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தேய்ந்துபோன வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள், 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கின. அந்தப் பெண்கள் சிறுவயதைப் பற்றிச் சொல்லும்போது, பெரியவர்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததையும் விரித்துக் கட்டிய போர்வைக்கு அடியில் உட்கார்ந்திருந்ததையும் சொல்கிறார்கள். போர்வையின் அடிப்பக்கத்தை முதலில் பார்த்து வளர்ந்தவர்கள்தான் பின்னால் மேல்பக்கத்தைத் தைத்தார்கள்.

சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகனோடு சேர்ந்து ஒரு போர்வை தைத்தேன். அவனுக்கு எட்டு வயது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை இரண்டு, அடியில் போட ஒரு வேட்டி, நடுவில் மெல்லிய பருத்தி விரிப்பு. சுங்குடியில் மீன்களை வெட்டி, வெள்ளைத் துணிமேல் ஒட்டித் தைப்பது என்று திட்டம். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ஒருவகை வலைத்தாள் இப்போது கிடைக்கிறது. தாள் பக்கத்தில் படம் வரைந்து, துணியின் பின்புறம் வைத்துத் தேய்த்து, வெட்டி, தாளை உரித்துவிட்டு, வேண்டிய இடத்தில் வைத்து மறுபடி தேய்க்க வேண்டும். வரைவது அவன், தேய்ப்பது நான், வெட்டுவது அவன். மீன்களுக்கு நடுவே அவன் பெயரின் முதலெழுத்தும் வேண்டுமென்றான். வரைந்தான், வெட்டினோம், ஒட்டினோம். எழுத்து இடவலம் மாறிக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வந்துவிட்டது. பின்புறம் வரைந்தால் முன்புறம் திரும்பும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

பிறகு தையல். ஓரத்தை உள்ளே மடிக்கவில்லை. வெட்டிய விளிம்பிலிருந்து ஒரு நெல் அகலம் உள்ளே தள்ளி நேர்த்தையல் ஓட்டினால் போதும். துவைக்கத் துவைக்க விளிம்பு பிசிறும், தையல் வரை வந்து நின்றுவிடும். முதல் சலவைக்குப் பிறகு அவன் கேட்டான், "சித்தி, நூல் நூலா வருதே, தப்பா தச்சிட்டமா?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் படித்த பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பிரிவேளை பெண்களுக்குத் தையல், பையன்களுக்கு மைதானம். கைக்குட்டையின் நான்கு ஓரத்தையும் மடித்து ஹெம்மிங் செய்ய வேண்டும். ஒரு நூல் வெளியே தெரிந்தாலும் ஆசிரியை பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார். என்னுடையது மூன்று முறை பிரிக்கப்பட்டது. மைதானத்திலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பூத்தையல் பெண்களுக்குப் பெண்மையைப் பழக்கிய கருவி என்றும், அதே ஊசியால்தான் பலர் அந்தப் பழக்கத்தை எதிர்த்தார்கள் என்றும் ரோசிகா பார்க்கர் 1984இல் 'தி சப்வெர்சிவ் ஸ்டிச்' என்ற நூலில் விரிவாக எழுதினார். அதைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கைக்குட்டைதான் நினைவுக்கு வந்தது.

நம்மூர்த் தையல்கடைகளில் காஜா எடுத்து, பட்டன் கட்டுகிற சிறுவன் ஒருவன் இருப்பான். அவன் படிப்பை விட்டு அங்கே உட்கார்ந்திருந்ததை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் அவன் 'தொழில் பழகுகிறான்' என்றார்கள். நாளைக்கு மிஷினில் உட்காருவான், பிறகு சொந்தக் கடை. அதே வேலையை வீட்டில் செய்த சிறுமி 'அம்மாவுக்கு ஒத்தாசையாக' இருந்தாள். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் கோயிலுக்கும் தேருக்கும் தைக்கும் தொம்பைகளும் வண்ணத் துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கிற வேலைதான். பெரும்பாலும் ஆண்கள் செய்வது, அதைக் கைவினை என்கிறோம். அம்மா கிழிந்த போர்வைமேல் வைத்துத் தைத்தால் அது ஒட்டு.

துணியை வெட்டி ஒட்டுகிற வேலைக்கு நம் கடற்கரையோடு ஒரு பழைய உறவு உண்டு. மசூலிப்பட்டினம் முதல் தெற்கே நீண்ட சோழமண்டலக் கரையில் வரைந்து சாயமேற்றிய சீட்டித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவைப் பைத்தியமாக்கின. துவைத்தாலும் போகாத சிவப்பு அங்கே யாருக்கும் கைவரவில்லை. உள்ளூர் நெசவைக் காக்க பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1700இல் சட்டம் இயற்றி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது, 1721இல் இன்னொரு சட்டத்தால் உடுத்துவதையும் தடுத்தது. பிரான்சில் 1759 வரை, இங்கிலாந்தில் 1774 வரை தடை நீடித்தது. அரிதான துணியை யாரும் முழுதாக வீணடிக்கமாட்டார்கள். சீட்டியிலிருந்த பூவையும் பறவையையும் தனித்தனியாக வெட்டி வெள்ளைத் துணியில் பரப்பித் தைத்தார்கள் பெண்கள். சிலர் ஓரத்தை மடித்தார்கள். சிலர் மடிக்காமல், காஜா எடுப்பதுபோல் நெருக்கிச் சுற்றித் தைத்தார்கள். பிற்காலத்தில் இந்த வேலைக்குப் 'பாரசீகப் பூத்தையல்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் நிலைத்துவிட்டது. துணி நம் கரையோரத்துச் சாயக்காரர்களுடையது, தைத்த விரல் இங்கிலாந்து, அமெரிக்க வீடுகளின் பெண்களுடையது. பெயரில் இரண்டும் இல்லை!

அடுத்த நூற்றாண்டில் பருத்தியை அமெரிக்கத் தென்மாநிலங்கள் விளைவித்தன, அடிமைகளின் கையால். அப்படியொரு ஜார்ஜியா பண்ணை உலகத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் பவர்ஸ். விடுதலைக்குப் பிறகு கணவர் ஆர்ம்ஸ்டெட்டோடு ஏதென்ஸ் நகரத்தை அடுத்துச் சிறு நிலம் வைத்துப் பிழைத்தார். ஒன்பது பிள்ளைகளாவது பெற்றவர். 1886இல் அந்நகரின் பருத்திக் கண்காட்சியில் அவருடைய விவிலியப் போர்வை தொங்கியது. பதினொரு கட்டங்கள். ஆதாம் ஏவாள், ஆபேலைக் கொல்லும் காயீன், யாக்கோபின் கனவு, முப்பது வெள்ளிக்காசோடு யூதாஸ், கடைசி இராவுணவு. உருவங்களைத் துணியில் வெட்டி, கையாலும் மிஷினாலும் தைத்திருந்தார்.

ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தரமாட்டேன் என்றார் ஹாரியட். சில வருடங்களில் பணமுடை வந்தது. 1891இல் போர்வையைச் சுத்தமான மாவுப்பையில் சுற்றி, அதன்மேல் ஒரு சாக்கைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஸ்மித் வீட்டுக்கு வந்தார். பத்து டாலர் கேட்டார். ஸ்மித்தால் தர முடிந்தது ஐந்து. கணவரும் வாங்கிக்கொள் என்றதால் விற்றார். ஒவ்வொரு கட்டமும் என்ன சொல்கிறது என்று விளக்கிவிட்டே போனார், அதை ஸ்மித் எழுதி வைத்தார். பிறகும் பலமுறை அந்தப் போர்வையைப் பார்க்க வந்தாராம், கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வருவதுபோல.

இரண்டாவது போர்வையில் பதினைந்து கட்டங்கள். 1780 மே 19இல் பகலே இருண்ட நாள், 1833 நவம்பர் 13 இரவில் விண்மீன்கள் மழையாகக் கொட்டியது, 1895 பிப்ரவரியின் கடுங்குளிர் எல்லாம் வேதக் கதைகளுக்கு நடுவே இடம் பிடித்திருக்கின்றன. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு ஐந்நூறு மைல் ஓடிய பெட்ஸ் என்ற பெண்பன்றியும் அதில் உண்டு. அடிமைப் பண்ணையிலிருந்து தப்பி ஓடியவர்களை அந்தப் பன்றியில் காண்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

முதலாவது இன்று ஸ்மித்சோனியனிலும் இரண்டாவது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. ஹாரியட் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். படத்தால் கதை சொன்னவளுக்கு எழுத்து எங்கே தெரிந்திருக்கும் என்ற எண்ணம்தான். 2009இல் அவர் எழுதிய ஒரு கடிதத்தின் படி வெளிச்சத்துக்கு வந்தது. தான் படிக்கக் கற்றதையும் தைத்த போர்வைகளையும் அதில் சொல்லியிருந்தார். குறைந்தது நான்கு போர்வைகள். நம்மிடம் இருப்பவை இரண்டு. 1910இல் இறந்த அவருடைய கல்லறைக் கல் 2005இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்தக் கதையை அக்கா மகனுக்குப் பன்றி வரைக்கும் சொன்னேன். பன்றி பிடித்துப்போய், மீன்களுக்கு நடுவில் ஒன்று வெட்டினான். இந்தமுறை திருப்பி வரைந்தான், பன்றிக்கு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. கடைசியாகப் போர்வையின் பின்புறம், வேட்டிக் கரையோரம், அழியாத மையால் பெயர்களை எழுத உட்கார்ந்தோம். தன் பெயரை முதலில் எழுதினான். சேலை யாருடையதோ அவர் பெயரும் வேண்டும் என்றேன். 'பாட்டி' என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். "பாட்டி பேரு என்ன சித்தி?" என்றான். சொன்னேன். நடுவில் வருவது சின்ன ரகரமா பெரிய றகரமா என்று கேட்டு எழுதி முடித்து, மை காய ஊதினான்.