6211 பிறந்த கதை

மதுரங்குளியில் இரும்புக் கேட்டுக்கு எத்தனை பூச்சு அடித்தாலும் களப்புக் காற்று அதைத் தின்றுவிடும். டைட்டேனியத்தை அந்தக் காற்றால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே படர்ந்திருக்கும் ஒட்சைட்டுப் படலம் கீறுபட்டாலும் உடனே மூடிக்கொள்ளும். நம் புல்மோட்டை இல்மனைட் மணலுக்குள் இருப்பதும் இந்த உலோகம்தான். நாம் மணலைத்தான் கப்பலேற்றுகிறோம், அது வேறு கதை.

1960களில் அமெரிக்கக் கடற்படை ஆழ்கடல் கலங்களுக்கு டைட்டேனியத்தை நாடியது. வலுவுக்காக 8 வீதம் வரை அலுமினியம் சேர்த்தார்கள். வழவழப்பான துண்டுகளை உப்புநீரில் சோதித்தபோது குறையேதும் தெரியவில்லை. 1965 அளவில் கடற்படை ஆய்வுகூடத்தின் பி. எஃப். பிரவுண், துண்டில் முன்கூட்டியே ஒரு வெடிப்பை உண்டாக்கி, அந்த இடத்தை உப்புநீரில் நனைய விட்டு, நீட்டிய முனையில் பாரம் தொங்கவிட்டார். காற்றில் தாங்கியதைவிட மிகக் குறைந்த பாரத்திலேயே, சில நிமிடங்களில் முறிந்தது.

வெடிப்புக்கு வழி திறந்து கொடுத்தது உலோகத்தின் உள்ளமைப்பு. அலுமினியம் 6 வீதத்தைத் தாண்டி, உலோகமும் மெதுவாக ஆறினால், ஆல்பா எனும் அறுகோணப் பளிங்குகளுக்குள் மூன்று டைட்டேனியத்துக்கு ஓர் அலுமினியம் என்ற ஒழுங்கில் நுண்ணிய திட்டுகள் உருவாகும். பிறகு உருக்குலைவு பரவாது, சில ஒடுங்கிய தளங்களிலேயே குவியும். வெடிப்பின் நுனியில் படலம் கிழிந்துகொண்டே இருக்கும், மூட அவகாசமில்லை. நீரிலிருந்து ஐதரசன் உள்ளே புகுவதாகவே பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆல்பா, காய்ந்த விறகு போலப் பிளக்கும். இடையிலிருக்கும் பீட்டா எனும் மற்றப் பளிங்கு வகை வெடிப்பை மறிக்கும். அதே கலவையைச் சூட்டிலிருந்து சட்டென்று குளிர்வித்தால் தாங்கும் சக்தி கூடும். சேர்மானம் ஒன்று, உலையை விட்டு வந்த விதத்தால் ஆயுள் வேறு. எனக்கு இக்கதையில் பிடித்த இடம் இதுதான்.

கடற்படை அலுமினியத்தை 7க்கும், பின் 6 வீதத்துக்கும் இறக்கியது. நியோபியம் 2, தந்தாலம் 1, பீட்டாவை நிலைநிறுத்த மொலிப்டினம் 0.8 வீதம். 0.8ஐ 1 எனக் கொண்டு, அந்த எண்களே 6211 என்று பெயராயின. 1973இல் ஆல்வின் என்ற அமெரிக்க ஆழ்கடல் ஆய்வுக் கலத்தின், ஆட்கள் அமரும் உருக்குக் கோளத்தைக் கழற்றி இக்கலவைக் கோளத்தைப் பொருத்தினார்கள். சுமார் 1,800 மீற்றர் வரை போன கலம் 3,600 மீற்றர் வரை இறங்கத் தொடங்கியது. 1977இல் கலாபகோஸ் அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளை மனிதர் பார்த்தது அதிலிருந்துதான்.

இப்போது சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூவரை 6,000 மீற்றருக்கு அனுப்ப மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்குகிறது. 80 மில்லிமீற்றர் தடிப்புக் கோளம், வனேடியம் 4 வீதம் சேர்ந்த வேறு கலவை. அலுமினியம் அதிலும் 6தான்.