அழுத்தம், எண்ணிக்கை, ஈயம்: கழுவெளிக் கரையிலிருந்து காற்றுத் துப்பாக்கியின் வரலாறு

திருவக்கரையின் கல்மரங்களை ஐரோப்பிய உலகுக்கு 1781இல் அறிவித்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா. நம் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயர் காலஸ் சொன்னராட்டி. அவர் நினைவாகவே அந்தப் பெயர் இடப்பட்டது. அக்காலத்து இயற்கையியல் துப்பாக்கியை நம்பியே நடந்தது. பறவையைச் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்திக் கப்பலேற்றினால்தான் அது பாரிசின் பட்டியலில் இடம்பெறும். குண்டு பெரிதானால் தோல் கிழிந்துவிடும், சிறிதானால் பறவை தப்பிவிடும். ஆகவே சிறு பறவைகளுக்கு மணல்போன்ற நுண் ரவையையே சேகரிப்பாளர்கள் பயன்படுத்தினர். எதைச் சுடுகிறோம், எந்தக் குண்டால், எத்தனை முறை என்ற கணக்கு அவர்களுக்கு அன்றாட வேலையாக இருந்தது.

சொன்னரா திருவக்கரையில், சங்கராபரணி ஆற்றங்கரையில், கல்லாகிப்போன மரங்களைக் கண்ட அதே ஆண்டுகளில், இதே கணக்கை வேறொரு வழியில் தீர்க்க வியன்னாவில் ஒருவர் முயன்றார். தீரோல் மலைப்பகுதியிலிருந்து வந்த பார்த்தலோமியோ ஜிரார்தோனி வெடிமருந்தே இல்லாத ராணுவத் துப்பாக்கி ஒன்றை உருவாக்கினார். ஆஸ்திரியப் படை அதை 1780 வாக்கில் ஏற்றுக்கொண்டது. பெருங்குழல் காற்றுத் துப்பாக்கியின் வரலாற்றை அங்கிருந்து தொடங்கி, திருவக்கரைக்குக் கிழக்கே மரக்காணம் பக்கத்துக் கழுவெளி நீர்ப்பரப்பு வரை தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வகைத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வலிமையையே கேட்கிறார்கள். நம் சட்டமும் வலிமையையும் குழல் விட்டத்தையும்தான் அளக்கிறது. ஆனால் இந்த ஆயுதம் மனிதருக்கும் பறவைக்கும் என்ன செய்தது என்பதை ஒவ்வொரு காலத்திலும் முடிவுசெய்தவை, ஒருமுறை நிரப்பிய காற்றில் எத்தனை முறை சுடலாம் என்பதும் குண்டு எவ்வளவு மலிவு என்பதுமே என்பது என் வாதம்.

காற்றால் எறியும் கருவி தென்னிந்தியாவுக்குப் புதிதன்று. சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல், வளரி, குறுக்குவில் ஆகியவற்றைப் பற்றி 1924இல் லண்டன் மானுடவியல் இதழில் விரிவாக எழுதினார். ஊதுகுழலுக்கு உந்துவிசை மனித மூச்சு. ஒவ்வோர் எய்தலுக்கும் மூச்சு புதிதாகக் கிடைக்கும் என்பதால் எண்ணிக்கைக்கு எல்லை இல்லை. ஆனால் நுரையீரல் தரும் அழுத்தம் மிகச் சிறியது. வலிமை ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம் என்ற இழுபறியை அங்கேயே பார்க்கலாம்.

ஜிரார்தோனியின் பேரம்

ஜிரார்தோனியின் துப்பாக்கி சுமார் 1.2 மீட்டர் நீளமும் நான்கரைக் கிலோ எடையும் கொண்டது. அதன் பின்கட்டையே காற்றுக்கலம். தோலும் இரும்புத் தகடும் கொண்டு செய்த அந்தக் கலத்தைக் கைப்பம்பால் நிரப்ப ஏறக்குறைய 1,500 முறை அடிக்க வேண்டும். நிரம்பியதும் உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் 55 பார். குழலின் பக்கத்தில் பொருத்திய நீள்குழாயில் இருபது ஈயக் குண்டுகள் அடங்கும். துப்பாக்கியை நிமிர்த்திப் பக்கவாட்டுக் கட்டையைத் தள்ளினால் அடுத்த குண்டு இடத்துக்கு வந்துவிடும்.

குண்டின் விட்டம் ஏறத்தாழ 11.7 மில்லிமீட்டர். அந்த அளவு ஈய உருண்டை ஒன்பதரைக் கிராம் இருக்கும். வேகத்தை நொடிக்கு 180 மீட்டர் என்று கொண்டால் ஆற்றல் சுமார் 150 ஜூல். அக்காலத்து மஸ்கெட் இதைவிடப் பல மடங்கு வலியது. ஆனாலும் இந்தத் துப்பாக்கி எதிரியை அஞ்சவைத்தது. மஸ்கெட் வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே தேர்ந்தவன். ஜிரார்தோனியைப் பிடித்தவன் புகையின்றிப் பேரொலியின்றி இருபது குண்டுகளையும் ஒரு நிமிடத்துக்குள் சுட்டுவிடலாம். படுத்தபடியே சுடலாம், மழையிலும் சுடலாம்.

இந்த ஆயுதத்தின் வீழ்ச்சியையும் எண்ணிக்கைதான் விளக்குகிறது. ஒரு கலம் ஏறக்குறைய முப்பது பயனுள்ள சூடுகளைத் தந்தது. ஒவ்வொரு சூட்டுக்கும் அழுத்தம் இறங்கியதால் முதல் குண்டும் இருபதாம் குண்டும் ஒரே தூரம் செல்லவில்லை, குறியை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. வீரனிடம் மாற்றுக் கலங்கள் இரண்டு இருந்தன. அவையும் தீர்ந்துவிட்டால் போர்க்களத்தில் நின்று 1,500 முறை பம்பு அடிக்க முடியாது. கலத்தின் இணைப்புகள் கசிந்தன, தோல் வளையங்கள் காய்ந்தன, பழுதுபார்க்கத் தேர்ந்த கொல்லர்கள் படையோடு போக வேண்டியிருந்தது. 1815க்குள் ஆஸ்திரியா அதைக் கைவிட்டது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய 1803இல் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ் கொண்டுசென்ற காற்றுத் துப்பாக்கியும் இவ்வகையே என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. லூயிஸ் அதை வழியில் சந்தித்த பழங்குடியினர் முன் பலமுறை சுட்டுக் காட்டினார். போருக்குப் பயன்படாமல் போன கருவி காட்சிக்குப் பயன்பட்டது.

காற்றின் கணக்கு

திருவக்கரையைச் சுற்றிக் கல்குவாரிகள் நிறைய. அங்கே பாறையில் துளையிடும் இயந்திரம் ஏறக்குறைய 7 பார் அழுத்தக் காற்றில் நாள் முழுக்க வேலை செய்கிறது. கம்பரசர் இடைவிடாமல் ஓடிச் செலவான காற்றை உடனுக்குடன் ஈடுகட்டுவதால் அது முடிகிறது. துப்பாக்கிக்குப் பின்னால் கம்பரசர் இல்லை. கலத்தில் அடைத்த காற்றுதான் அதன் மொத்தச் சொத்து. எடுக்கும் ஒவ்வொரு பங்கும் மிச்சத்தின் அழுத்தத்தையும் சேர்த்தே குறைக்கிறது.

60 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு குழல்களை ஒப்பிடலாம். 4.5 மில்லிமீட்டர் விட்டக் குழலின் கொள்ளளவு சுமார் 9.5 கன சென்டிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் குழலின் கொள்ளளவு 76. ஒரே அழுத்தத்தில் இரண்டையும் நிரப்பப் பெரிய குழலுக்கு எட்டு மடங்கு காற்று வேண்டும். 200 பார் அழுத்தத்தில் சிறிய குண்டின் முதுகில் விழும் விசை ஏறக்குறைய 318 நியூட்டன், பெரியதன் மேல் 2,500க்கும் அதிகம். வலிமை இந்தப் பரப்பிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஒரே வடிவக் குண்டை விட்டத்துக்கு ஏற்பப் பெரிதாக்கினால் எடை இருபத்திரண்டு மடங்கு ஏறும். விசை எட்டு மடங்கே ஏறியதால் கனத்த குண்டு மெதுவாகத்தான் கிளம்பும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வால்வை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும், அதற்கும் காற்றுதான் விலை. பெருங்குழலைத் தேர்ந்தவர் சூடுகளின் எண்ணிக்கையை இழந்தே தீர வேண்டியிருப்பது இதனால்தான்.

இன்றைய எடுத்துக்காட்டு உமாரெக்ஸ் நிறுவனத்தின் ஹேமர். 12.7 மில்லிமீட்டர் குழல், 310 பார் கலம். 35 கிராமுக்குச் சற்று அதிகமான ஈயக் குண்டை நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் எறிகிறது என்று அந்நிறுவனம் சொல்கிறது. கணக்கிட்டால் ஏறக்குறைய 950 ஜூல். ஜிரார்தோனியைப்போல் ஆறு மடங்கு. ஆனால் ஒருமுறை நிரப்பினால் முழு வலிமையில் மூன்று சூடுகள்தான். இருநூற்று முப்பது ஆண்டுப் பொறியியல் முன்னேற்றம் முப்பது சூடுகளை மூன்றாக்கி, ஈடாக ஆற்றலைக் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவில் மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு இது ஏற்றது, ஏனென்றால் அந்த வேட்டைக்காரருக்கு ஒரு நாளில் ஒரு குண்டு போதும்.

குண்டின் தேர்வும் இதனோடு பின்னிக்கிடக்கிறது. சிறு குழலுக்கு இடுப்பு ஒடுங்கி, பின்புறம் பாவாடைபோல் விரிந்த பெல்லட் போதும். அந்த மெல்லிய பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். ஆனால் பறக்கும்போது காற்றைப் பிடித்து விரைவில் வேகம் இழக்கும். பெருங்குழலுக்கு அச்சில் வார்த்த நீண்ட ஈயக் குண்டுகள் பொருந்தும். அவை வேகத்தை நெடுந்தூரம் காக்கின்றன, ஆனால் நீளம் கூடக் கூடக் குழலின் சுழல்வரி அதற்கேற்ப நெருக்கமாக இருக்க வேண்டும். இல்லையேல் குண்டு வழியிலேயே தடுமாறும். விலையிலும் வேறுபாடு பெரிது. 4.5 மில்லிமீட்டர் பெல்லட் அரைக் கிராம். ஐந்நூறு கொண்ட டப்பா கால் கிலோ ஈயம். ஹேமரின் குண்டுகளில் ஐந்நூறு வேண்டுமானால் பதினேழு கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும்.

வில்சுருள் வந்த பிறகு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காற்றுத் துப்பாக்கி திசை மாறியது. அமெரிக்காவின் டெய்சி 1888இல் வந்தது, ஜெர்மனியின் டயானா 1890களில், பர்மிங்காமின் பிஎஸ்ஏ 1905 வாக்கில். குழலை மடக்கினால் உள்ளே வில்சுருள் இறுகும், விசையை இழுத்தால் அது பாய்ந்து அந்த நொடியிலேயே காற்றை அழுத்தும். கலமும் பம்பும் தேவையில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் காற்று புதிதாகப் பிறக்கிறது. ஆற்றல் பத்துப் பதினைந்து ஜூலுக்கு இறங்கியது, எண்ணிக்கையோ எல்லையற்றுப் போனது. ஊதுகுழலின் பேரமேதான், உலோகத்தில்.

பறவையியலாளர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது பம்பாயில் கழுத்து மஞ்சளான ஒரு குருவியைச் சுட்டதும், அடையாளம் தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மில்லார்டிடம் எடுத்துப் போனதும் பலரும் அறிந்த கதை. அது நடந்தது 1908 வாக்கில். அவர் கையில் இருந்தது சிறுவர்களுக்கான காற்றுத் துப்பாக்கி. இந்தியப் பறவையியலின் தொடக்கக் கதைகளில் ஒன்றில் இந்தக் கருவி இருக்கிறது என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஒரு குருவியை வீழ்த்த எவ்வளவு சிறிய ஆற்றல் போதும் என்பதையும் அதே கதை சொல்கிறது.

மெரினாவிலும் ஊர்த் திருவிழாக்களிலும் பலூன் சுடும் ஏர்கன் தமிழர் பலருக்கும் முதல் துப்பாக்கி. அதன் மறுமுனையில் நிற்பது பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி. 1984 லாஸ் ஏஞ்சலஸில் இது ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் இதில்தான். கடலூரில் 1999இல் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் பெற்றார். அவர்கள் கையிலுள்ள துப்பாக்கியும் முன்கூட்டி நிரப்பிய அழுத்தக் காற்றில் இயங்குவதுதான், ஜிரார்தோனியின் நேர் வாரிசு. ஆனால் ஆற்றல் ஏறக்குறைய 8 ஜூல். நொடிக்கு 170 மீட்டர் சுற்றிலேயே குண்டு செல்கிறது. பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. தகுதிச் சுற்றின் அறுபது சூடுகளையும் தாண்டி, ஒரே நிரப்பில் இருநூறுக்கு மேல் சுட முடிகிறது. அழுத்தச் சீராக்கி இருப்பதால் முதல் குண்டும் அறுபதாம் குண்டும் ஒரே வேகத்தில் செல்லும். வலிமையைத் துறந்ததால் கிடைத்த சீர்மை இது. காற்றுத் துப்பாக்கியின் வரலாற்றில் மிக உயர்ந்த பொறியியல் சாதனை இதுதான் என்பது என் மதிப்பீடு. 950 ஜூல் அதன் பக்கத்தில் வர முடியாது.

20 ஜூல் என்னும் கோடு

2016 ஜூலையில் வந்த இந்திய ஆயுத விதிகள் காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு கோடு போட்டன. முகவாயில் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ, குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ உரிமம் வேண்டும். ஹேமர் போன்ற பெருங்குழல் துப்பாக்கிகள் இந்தக் கோட்டுக்கு வெகு தொலைவில் இருக்கின்றன. 5.5 மில்லிமீட்டர் ஏர்கன்கூடக் கோட்டுக்கு அப்பால்தான். மனிதரைக் கொல்லும் வலிமையைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கில் இந்த விதி சரியானது.

பறவைக்கு இந்தக் கோடு எதையும் தடுப்பதில்லை. இதற்குச் சான்று அருணாசலப் பிரதேசம். 2021 மார்ச்சில் அங்கே அரசு தொடங்கிய இயக்கத்தில் மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏர்கன்களைத் தாமாக முன்வந்து ஒப்படைத்தார்கள். மூன்று குண்டோடு தீர்ந்துபோகும் பெருங்குழல் துப்பாக்கிகள் அல்ல அவை. மடக்கினால் மறுபடி சுடும், டப்பாவுக்கு ஐந்நூறு குண்டு கிடைக்கும் எளிய கருவிகள். பறவைகள் சுடப்பட்டுக் காடு அமைதியாகிப் போனதற்கு அவற்றின் வலிமை காரணமன்று, அவற்றின் எண்ணிக்கையும் குண்டின் மலிவும் ஓசையின்மையுமே காரணம்.

தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்புகளில் ஒன்றான கழுவெளியை 2021இல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 5,000 எக்டேருக்கும் மேற்பட்ட அந்த நீர்ப்பரப்புக்குக் குளிர்காலத்தில் வலசை வாத்துகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. இப்பகுதியில் நெடுங்காலமாகப் புழங்கிய ஆயுதம் நாட்டுத் துப்பாக்கி. கருமருந்தைக் கெட்டித்து, ரவையையோ சைக்கிள் பால்ரஸையோ வாயிலிருந்து திணித்துச் சுடுவது. அதன் எண்ணிக்கை ஒன்று, மறுபடி நிரப்பச் சில நிமிடம் ஆகும். ஒரு வெடிக்கு ஒரு கை ரவை போவதால் நீரில் நெருங்கி மிதக்கும் கூட்டத்தில் பல வாத்துகள் விழும். ஆனால் அந்த ஓசை கரைக்குக் கரை கேட்கும், மிச்சமுள்ள கூட்டம் எழுந்து போய்விடும், வனக்காவலரும் திசையறிந்து வருவார். அதனால் வழக்கும் பழியும் நாட்டுத் துப்பாக்கி புழங்கும் நரிக்குறவர் போன்ற சமூகத்தினர் மேலேயே எளிதில் விழுகின்றன. ஏர்கன்காரர் வரப்போரம் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டாலும் பக்கத்துக் கழனியில் இருப்பவருக்குக் கேட்காது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருவர் செய்வதையும் குற்றமென்றே கொள்கிறது, ஆனால் ஒன்று காதில் விழுகிறது, மற்றது விழுவதில்லை.

ஈயத்தின் கணக்கு இன்னும் நீளமானது. குறி தவறிய பெல்லட் சேற்றில் கிடக்கும். வாத்துகள் உணவை அரைக்கச் சிறுகற்களை விழுங்குபவை. ஈயக் குண்டையும் கல்லென்றே விழுங்கிவிடுகின்றன. அரைவைப்பையில் தேய்ந்த ஈயம் குருதியில் கலந்து, சில குண்டுகளே ஒரு பறவையைக் கொல்லப் போதுமானதாகிவிடுகிறது. பல நாடுகள் நீர்நிலைகளில் ஈய ரவையைத் தடைசெய்தது இதனால்தான். வெள்ளீயம் கலந்த, ஈயமற்ற பெல்லட்டுகள் இப்போது கிடைக்கின்றன, ஆனால் அவை விலை கூடியவை, எடை குறைந்தவை. மலிவையே நம்பிய இக்கருவிக்கு அந்த மாற்றம் தானாக வராது.

எனவே கழுவெளியிலோ புதுச்சேரி எல்லையிலுள்ள ஊசுட்டேரியிலோ பிடிபடும் துப்பாக்கியைப் பற்றி வழக்கில் எழுதும்போது, குழல் விட்டத்தோடும் ஆற்றலோடும் நிறுத்தாமல், குண்டு எந்த உலோகம், டப்பாவில் எத்தனை இருந்தன, எத்தனை செலவாகியிருந்தன என்பதையும் வனத்துறையினர் பதிவுசெய்ய வேண்டும். கூடவே ஏரியின் கரையோரச் சேற்றைப் பருவத்துக்கு ஒருமுறை சலித்து ஈயக் குண்டுகளை எண்ணலாம். இதற்கு ஒரு சல்லடையும் சில கல்லூரி மாணவர்களும் போதும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட அருகிலுள்ள ஆய்வுக்களம் இல்லை.