கணவாயும் சாதிச் சுவரும்

முகத்தில் பிறந்தான் ஒருவன், தோளில் பிறந்தான் ஒருவன், தொடையில் பிறந்தான் ஒருவன், காலில் பிறந்தான் ஒருவன் எனக் கதை கட்டினர் வைதீகர். அக்கதை நைந்துபோன பின்னர், "சாதிகள் தனித்தனி இனங்கள், கலவாது வாழ்வதே இயற்கையின் கட்டளை" என்று அறிவியலின் ஆடையை இரவல் வாங்கி உடுத்தி வருவோரும் உளர். இயற்கையின் பெயரால் பேசுவோரை இயற்கையிடமே அழைத்துச் செல்வோம், வாரீர்!

1835ஆம் ஆண்டு, பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவுகளில் இறங்கினார் டார்வின். தீவுக்குத் தீவு பறவை வேறுபடக் கண்டார். 1859இல் அவரது 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. படைத்தபடியே நிற்கும் உயிர் எதுவுமில்லை என்ற உண்மை மத பீடங்களை உலுக்கிற்று. 1942இல் எர்ன்ஸ்ட் மேயர் மேலும் விளக்கம் தந்தார்: ஓரினத்தின் இரு கூட்டங்கள் கடலாலோ மலையாலோ பிரிந்து, கலக்க இயலாமற் போனால், ஒவ்வொன்றிலும் சிறு சிறு மாறுதல்கள் தனித்தனியே சேரும். நெடுங்காலம் கழிந்தபின், மீண்டும் சந்தித்தாலும் இணைய இயலாத இரண்டு இனங்களாகிவிடும்.

சான்று காணக் கப்பலேற வேண்டுவதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே, 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில், பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிர்ந்த மலையுச்சிச் சோலைகளில் வாழும் நீலநிறச் சிறு பறவை, வெப்பம் மிகுந்த அப்பள்ளத்தைக் கடப்பதில்லை. வடபால் வாழ்வதற்கு விலாப்புறம் செம்பழுப்பு. தென்பால் ஆனைமலை, பழனிமலையில் வாழ்வதற்கு அச்செம்மை இல்லை. ஒரு காலத்தில் ஓரினமாக எண்ணப்பட்டவை, இன்று வெவ்வேறு இனங்கள். 2017இல் ஆய்வாளர் இவற்றுக்கெனப் புதிய பேரினம் வகுத்து, 'சோலை' என்னும் நம் சொல்லைக் கொண்டே 'சோலிகோலா' எனப் பெயரிட்டனர்.

அப்படியாயின் சாதிகளும் அவ்வாறு பிரிந்தவையோ? அன்று! பறவையைப் பிரித்தவை பல இலட்சம் ஆண்டுகள். மனிதர் கதையோ வேறு. ஐதராபாத் ஆய்வாளரும் பங்கேற்று 2013இல் வெளியான மரபணு ஆய்வு கூறுவதைக் கேளுங்கள்: ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன்வரை, இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தே வாழ்ந்தனர், அதன் பிறகே அகமண வேலி இறுகிற்று. அவ்வேலிக்கு வயது நூறு தலைமுறைகூட இல்லை! அகமணமே சாதியின் உயிர்நிலை என்று 1916லேயே எடுத்துக்காட்டினார் அம்பேத்கர்.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். பறவையைப் பிரித்த கணவாய்க்குக் காவற்காரன் தேவைப்படவில்லை. சாதிச் சுவருக்கோ சாத்திரம் வேண்டும், ஊர்க்கட்டுப்பாடு வேண்டும், தீப்பந்தம் வேண்டும்! பென்னாகரத்தார் நாம் வாழும் இதே தருமபுரி மாவட்டத்தில், 2012 நவம்பரில், சாதி கடந்த ஒரு திருமணத்தைச் சாக்கிட்டு நத்தம் குடியிருப்பின் வீடுகள் கொளுத்தப்பட்டன. இருவேறு இனமாயின் அவ்விருவரும் இணைந்திருப்பரோ? அதைத் தடுக்கத் தீ எதற்கு? காவல் வைத்தால்தான் நிற்கும் என்றால், அது இயற்கை எழுப்பிய சுவர் அன்று; மனிதன் எழுப்பிய சுவர்.

1967இல் அண்ணாவின் ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு நல்கிற்று. வழி திறந்தே இருக்கிறது, தோழர்களே! கணவாயைத் தூர்க்க நம்மால் ஆகாது. சாதிச் சுவரை இடிக்க நம்மால் ஆகும்.