பஞ்சகாலத்துப் பாட்டு: குளத்தூர் வேதநாயகரின் துதியும் மன்றாட்டும்

குளத்தூர் என்னும் பெயர் நீரால் அமைந்த பெயர். புதுக்கோட்டைச் சீமை பேராறு பாயாத மண். வானம் பெய்தால் குளம் நிறையும். குளம் நிறைந்தால் உலை கொதிக்கும். ஆலங்குடி, திருமெய்யம், குளத்தூர் என மூன்று வட்டங்களாகப் பகுக்கப்பெற்றிருந்த பழைய சமஸ்தானத்தில் மக்கள் வாழ்வு முழுவதும் ஏரியையும் கண்மாயையும் நம்பியே நடந்தது. இத்தகைய மண்ணில் வாழ்வோர்க்குத் துதி, மன்றாட்டு, விசுவாசம் என்பன ஏட்டுச் சொற்கள் அல்ல. மேகத்தைப் பார்த்து நிற்கும் உழவனின் கண்ணில் அம்மூன்றும் ஒருங்கே உறைவன.

துன்பக் காலத்தில் கிறித்தவத் தமிழ்ப் புலவர் இறைவனை எவ்வாறு பாடினர் என்று ஆராயப் புகுந்தால், முதற்கண் நினைவுக்கு வருபவர் குளத்தூர் என்னும் பெயரைத் தமிழிலக்கிய வரலாற்றில் நிலைபெறச் செய்த வேதநாயகம் பிள்ளை. அவர் பிறந்தது திருச்சிராப்பள்ளிச் சீமையைச் சார்ந்த குளத்தூரில், 1826 அக்டோபர் 11 அன்று. அப்பெயருடைய ஊர்கள் தமிழ்நாட்டில் பல. ஊருரிமை கொண்டாடி வழக்காடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. முன்சீப்பாக இருந்து பிறர் வழக்குகளைத் தீர்த்தவர் பெயரால் நாமே ஒரு வழக்குத் தொடுப்பது முறையுமாகாது!

அவர்தம் வாழ்க்கைக் குறிப்புகளை வட்டத்து அன்பர்கள் நன்கறிவர். சவரிமுத்துப் பிள்ளையின் மைந்தர், கத்தோலிக்கர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிப் பின்னர்த் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் மாவட்ட முன்சீப்பாக விளங்கினார். 1872இல் பணியினின்றும் விலகி மாயூரத்திலேயே தங்கினார். சைவப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இக்கத்தோலிக்க நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் 'குளத்தூர்க் கோவை' பாடினார் என்பது நாம் மீண்டும் மீண்டும் எண்ணி மகிழத்தக்க செய்தி. அந்நண்பர் 1876 பிப்ரவரி முதல் நாளில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் தமிழகத்தைத் தாது வருடப் பஞ்சம் பற்றிக்கொண்டது.

அப்பஞ்சத்தின் கொடுமையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அதை அறியாமல் அக்காலத்துப் பாடல்களைப் படித்தால் அவை வெறும் பக்திப் பாடல்களாகவே தோன்றும். 1876இல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத்து, பம்பாய்ப் பகுதிகள் வறண்டன. 1878 வரை நீடித்த அக்கொடுமையில் பசியாலும், பசியைத் தொடர்ந்து வந்த வாந்திபேதி, காய்ச்சல் முதலிய நோய்களாலும் மாண்டவர் தொகை ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டது என்பர் வரலாற்றாசிரியர். மழை பொய்த்தது இயற்கையின் செயல். ஆயினும் சாவுக்கு இயற்கை மட்டுமே காரணமன்று. தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கை ஆட்சியாளரைப் பிடித்திருந்தது. 1877இல் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு சனவரி முதல் நாளன்று விக்டோரியா அரசியாரைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை வைசிராய் லிட்டன் பிரபு தில்லியில் ஆரவாரமாக நடத்தினார். அதே மாதத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்துப் பஞ்ச நிவாரண வேலைத் தளங்களுக்கு ஒரு கூலித் திட்டம் வகுத்தார். நாளெல்லாம் மண் சுமக்கும் ஆண்மகனுக்கு ஒரு பவுண்டுத் தானியமும் ஓரணாவும் போதும் என்பதே அது. இக்கணக்கில் ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடல் இவ்வளவில் உயிர்தரிக்காது என்று வாதிட்டார். சில மாதங்களில் கூலி திருத்தப்பட்டது. அதற்குள் போன உயிர்களைக் கணக்குப் பார்த்தவர் யார்?

இச்சூழலில் மாயூரத்தில் ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஐம்பது வயதுப் புலவர் இரண்டு செயல்களைச் செய்தார். தம் கைப்பொருளைப் பசித்தோர்க்குச் செலவிட்டார். இறைவனை நோக்கிப் பாடினார். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது தவறு என்பதே என் கருத்து.

பாடியவை எவை? 1878இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' என்னும் தொகுதியில் இறைப் புகழ்ச்சிப் பாடல்களோடு, பஞ்சத்தைத் தீர்க்குமாறு வேண்டும் கீர்த்தனமும் இடம்பெற்றுள்ளது. இத்தொகுதியின் பெயரே சிந்தனைக்குரியது. வேதநாயகர் தம் சமயத்தில் உறுதி குன்றியவர் அல்லர். திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மை பதிகம் ஆகிய நூல்களை 1873இல் வெளியிட்டவர். கிறித்தவர்க்கென்றே 'சத்திய வேதக் கீர்த்தனை'யும் இயற்றினார். எனினும் பஞ்சத்தின்போது இறைவனை அழைக்க வந்தபோது, எந்தச் சமயத்தானும் தன் வாயால் பாடத்தக்க சொற்களையே தேர்ந்தார். பசி சமயம் பார்த்து வருவதில்லை. ஆதலின் ஊரார் அனைவரின் பொருட்டும் எழுதப்பெற்ற மனுவாக அம்மன்றாட்டு அமைந்தது.

மனு என்று சொல்வது உவமைக்காக மட்டுமன்று. 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தந்தவர் அவர். குறை கூறும் எளியோர் நடுவர் முன் எவ்வாறு நிற்பர், எவ்வாறு அஞ்சுவர், எவ்விடத்தில் அச்சம் நீங்கி உரிமையோடு பேசுவர் என்பதையெல்லாம் பல்லாண்டு இருக்கையில் அமர்ந்து கண்டவர். அவர் கீர்த்தனைகளில் இறைவன் முன் நிற்கும் குரலில் இந்த உரிமைப் பேச்சு கேட்கிறது. பணிவு உண்டு; ஆனால் வாயடைத்த பணிவு அன்று. உன்னையன்றி எமக்குப் புகல் எது என்னும் கேள்வியில் புகழ்ச்சியும் இருக்கிறது, முறையீடும் இருக்கிறது. புகலிடம் நீயே என்பது துதி. நீயே ஆதலின் நீ பதில் சொல்லியாக வேண்டும் என்பது வழக்கு.

இக்குரல் அவர்க்கு எங்கிருந்து வந்தது? விவிலியத்துச் சங்கீதங்களில் புலம்பலும் புகழ்ச்சியும் ஒரே பாடலுக்குள் அடுத்தடுத்து வருதலைக் கிறித்தவ வாசகர் அறிவர். ஆபகூக்கின் நூலில் மூன்றாம் அதிகாரம், விளைச்சல் அற்று மந்தையும் அற்ற நிலையிலும் இறைவனில் மகிழும் உள்ளத்தைக் காட்டுகிறது. ஆனால் தமிழ்ப் புலவர்க்குத் தமிழ் மரபும் ஓர் ஊற்று. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். வானம் வறண்டால் வானோர்க்குப் பூசையும் நடவாது என்று அறுதியிட்டார். மாயூரத்திற்கு நெடுந்தொலைவில் இல்லாத திருவீழிமிழலையில், பஞ்சகாலத்தில் அடியார்க்கு அமுதளிக்க அப்பரும் சம்பந்தரும் நாள்தோறும் படிக்காசு பெற்ற வரலாற்றைப் பெரியபுராணம் பாடுகிறது. தமக்குக் கிடைத்த காசில் குறையிருந்தபோது சம்பந்தர் அதையும் இறைவனிடமே பாடி முறையிட்டுத் தீர்த்துக்கொண்டார். பாடிப் பெற்றதை உண்ணக் கொடுப்பது என்னும் வழக்கம் காவிரிக்கரையில் மிகப் பழமையானது. மகாவித்துவானின் நண்பர் இதை அறியாதிருந்திருப்பாரா?

வேறு இரு கிறித்தவப் புலவரையும் இங்கே சுருங்கக் குறிப்பிடலாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சரபோசி மன்னர் காலத்தவர், சீர்திருத்தச் சபையினர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். சாதி, வழிபாட்டு முறை முதலியன பற்றிப் புதிய மிஷனரிமாரோடு ஏற்பட்ட பூசலில் பணியிழந்தும் பாடுவதை நிறுத்தாதவர். (அப்பூசலில் சாதி குறித்து அவர் நின்ற பக்கத்தை இன்று நாம் ஏற்க இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.) தேர்வுத்தாள்களில் நம் மாணவர் இவ்விரு வேதநாயகரையும் ஒருவராக்கி விடுவதை ஆண்டுதோறும் காண்கிறேன்! எச்.ஏ.கிருஷ்ணப்பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894), சிறைவாசத்தில் உழன்ற ஜான் பனியனின் நூலைத் தழுவியது. தனியொரு ஆன்மா துன்பங்களைக் கடந்து நகர் சேரும் பயணத்தைப் பாடுவது. சாஸ்திரியாரிடம் காண்பது தம் துன்பம். கிருஷ்ணப்பிள்ளையிடம் காண்பது ஆன்மாவின் துன்பம். மாயூரத்தாரின் பஞ்சப் பாட்டில் ஊரின் துன்பம் பேசுகிறது. மூன்றும் வேண்டும், எனினும் மூன்றாவதே நம் இலக்கியத்தில் அரிது.

இங்கு ஒரு தடை எழலாம். உணவைத் தடுத்தது அரசின் கொள்கை என்றால், அரசை விட்டு இறைவனிடம் முறையிடுவது திசைதிருப்பல் ஆகாதா என்று நம் வட்டத்து இளங்கவிஞர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தாது வருடத்துப் புலவர் எவரும் லிட்டன் பிரபுவைப் பெயர் சொல்லிப் பாடவில்லையே என்னும் வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் வேதநாயகர் அதிகாரத்தின் குறைகளைக் காணாதவர் அல்லர். கைக்கூலி வாங்குவோரை நீதிநூலிலும் கீர்த்தனைகளிலும் கடிந்தவர். அவர் மன்றாட்டைத் திசைதிருப்பல் என்று தள்ள முடியாமைக்குக் காரணம் வேறொன்று. தெய்வத்திடம் கேட்டுவிட்டோம், இனி நம் கடன் தீர்ந்தது என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பவரின் பாட்டே திசைதிருப்பும். தம் உடைமையைக் கரைத்துச் சோறிட்ட கையோடு ஒருவர் கேட்கும்போது, தன்னால் ஆனதைச் செய்து முடித்தவனின் கேள்வியாக அது மாறிவிடுகிறது.

இதை நன்கு உணர்ந்தவர் அவ்வூரிலேயே ஒருவர் இருந்தார். நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார், சிவனையன்றிப் பிறரைப் பாட விழையாத துறவுள்ளத்தினர். பஞ்சத்தில் வேதநாயகர் ஆற்றிய அறத்தைக் கண்டு, அந்தக் கத்தோலிக்கரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனம் பாடினார். செல்வர் புகழைப் பாடிப் பரிசு பெறும் மரபு தமிழில் நீண்டது. இங்கே பாடியவர் பரிசு நாடாதவர், பாடப்பட்டவரோ செல்வத்தைக் கொடுத்துவிட்டவர்.

பஞ்சம் தணிந்த பின் 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. 1887இல் 'சுகுண சுந்தரி'. 1889 சூலை 21 அன்று வேதநாயகர் மறைந்தார். நம் சீமையிலோ, 1878இல் திவான் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரியார் புதுக்கோட்டையின் குளங்களைத் தூர்வாரிச் செப்பனிடும் பணியில் இறங்கினார். புதுக்குளம் அப்போது புதுப்பிக்கப்பெற்றதே.