தாலிடோமைடும் செரிப்ளானும்

1957-ம் ஆண்டு அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் 'கான்டர்கன்' என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதிலிருந்த மருந்தின் பெயர் தாலிடோமைடு. டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைத்த இதை மசக்கை வாந்திக்காகக் கர்ப்பிணிகள் பலரும் சாப்பிட்டனர். விளைவு கொடுமையானது. கை, கால் சரியாக வளராத நிலையில் பல நாடுகளில் மொத்தம் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியில் மாத்திரை திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, பாதுகாப்புக்குச் சான்று போதாது என்று அனுமதி மறுத்ததால் அங்கே பாதிப்பு மிகக் குறைவு.

மருந்தின் கதை அத்தோடு முடியவில்லை. மல்டிபிள் மைலோமா என்பது எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அமெரிக்காவின் ஆர்கன்சாஸில், வேறு சிகிச்சைகள் பலிக்காத 84 மைலோமா நோயாளிகளுக்குத் தாலிடோமைடு கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது. இந்த ஆய்வு 1999-ல் வெளியானது.

சிசுவை முடமாக்கிய மருந்து புற்றுநோயை எப்படிக் கட்டுப்படுத்துகிறது? 2010-ல் ஜப்பானில் ஹிரோஷி ஹண்டாவின் குழு முதல் விடையைக் கண்டது. இந்த மருந்து உடலில் ஒட்டிக்கொள்ளும் இடம் செரிப்ளான் என்ற புரதம்.

வெட்ட வேண்டிய மரத்துக்குக் குறி போடுவது போல, செல்லுக்குள் அழிக்க வேண்டிய புரதங்களின் மேல் யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டப்படுகிறது. ஒட்டும் வேலையைச் செய்வது யூபிக்விட்டின் லைகேஸ். எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று அதற்குப் பிடித்துக் கொடுக்கும் இணைப்புப் புரதம்தான் செரிப்ளான். தாலிடோமைடு வந்து ஒட்டியதும், செரிப்ளான் வழக்கமாகத் தொடாத புரதங்களையும் பிடிக்கத் தொடங்குகிறது.

மைலோமா செல்கள் உயிர்வாழ இக்காரோஸ், அயோலோஸ் என்ற இரு புரதங்கள் தேவை. தாலிடோமைடின் வழிவந்த லெனலிடோமைடு, செரிப்ளான் மூலம் இவ்விரண்டையும் அழிக்கிறது என்பது 2014-ல் தெளிவானது. சிசுவின் கை கால் வளர்ச்சிக்குத் தேவையான 'சால்4' என்ற புரதத்தைத் தாலிடோமைடு அதே வழியில் அழிப்பது 2018-ல் தெரிந்தது. சுண்டெலியின் செரிப்ளான் சற்றே மாறுபட்டது; அங்கே சால்4 தப்பிவிடுகிறது. எலிகளில் தெரியாத ஆபத்து மனிதக் குழந்தைகளிடம் தெரிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்று செரிப்ளானைப் பயன்படுத்தி மற்ற புற்றுநோய்ப் புரதங்களையும் அழிக்கும் மருந்துகளை ஆராய்ச்சியாளர்கள் தேடுகிறார்கள். எதை அழிக்கிறது என்பதோடு, எதை அழிக்காமல் விடுகிறது என்பதையும் அவர்கள் சோதிக்க வேண்டியுள்ளது. 10,000 குழந்தைகள் விலை கொடுத்துக் கற்றுத்தந்த பாடம் அது.