துணைநின்ற கரங்கள்



பழங்காலக் கருவிகளைக் கொண்டு பரோக் இசையை வாசிக்கும் நிகழ்ச்சிகளில் சில வேளைகளில் இருவர் மட்டுமே மேடையேறுவர். ஒருவர் கையில் மரப் புல்லாங்குழல். மற்றவர் முன்னே ஹார்ப்சிகார்டு. நம் கண்கள் இயல்பாகவே குழல் வாசிப்பவரிடம் செல்கின்றன. பக்கத்தில் அமர்ந்திருப்பவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இந்த வாரம் அந்த இரண்டாம் மனிதரைக் குறித்துச் சற்றே சிந்திப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் குழல் இன்றைய வெள்ளிக் குழலைப் போன்றதன்று. அது கடின மரத்தாலோ தந்தத்தாலோ கடையப்பட்டது. விரல்களுக்கு ஆறு துளைகள். வலக்கைச் சிறுவிரலுக்கு ஒரே ஒரு சாவி. அதன் கீழ்ச் சுரங்கள் மிகவும் மென்மையானவை. ஹார்ப்சிகார்டிலோ, விசையை அழுத்தும்போது பறவை இறகின் தண்டிலிருந்து வெட்டிய சிறு முனை தந்தியைச் சுண்டுகிறது. மெல்ல அழுத்தினாலும் வன்மையாக அழுத்தினாலும் ஓசையின் அளவு ஏறத்தாழ ஒன்றே.

மேலும், அக்காலத்தில் துணைவாசிப்பவருக்கு முழுமையான இசைத்தாள் கொடுக்கப்படுவதில்லை. இடக்கைக்குரிய அடித்தள வரியும், அதன்மீது சில எண்களும் மட்டுமே இருக்கும். அவற்றைப் பார்த்து, வலக்கைக்குரிய சுரங்களை அவரே அந்தக் கணத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். குழல் தாழ்ந்து ஒலிக்கும் இடத்தில் சுரங்களைக் குறைக்க வேண்டும். சேர்ந்து ஒலிப்பவற்றைச் சில இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக விரிக்க வேண்டும். நன்றாகச் செய்தால் கேட்பவர்கள் குழலைப் புகழ்வார்கள். தவறினால் மட்டுமே அவரைக் கவனிப்பார்கள்.

இப்பணியைப் பல்லாண்டுகள் செய்தவர் கார்ல் பிலிப் எமானுவேல் பாக். பெரும் இசைமேதை யோகான் செபாஸ்தியான் பாக்கின் மகன். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் குழல் வாசிப்பதில் தீராத விருப்பம் கொண்டவர். 1740-இல் அரியணை ஏறியபின் மன்னர் வாசித்த முதல் குழல் தனியிசைக்குத் தாம் ஒருவராகவே ஹார்ப்சிகார்டில் துணைவாசித்ததை, எமானுவேல் தம் தன்வரலாற்றுக் குறிப்பில் ஒரு பெருமையாகவே பதிவு செய்துள்ளார். ஆனால் மன்னரின் குழலாசிரியர் க்வான்ட்ஸுக்கு ஆண்டுக்கு 2000 தாலர் வழங்கப்பட்டபோது, எமானுவேலின் தொடக்க ஊதியம் 300 தாலர் மட்டுமே. அவர் வேறு இடங்களில் பணிக்கு விண்ணப்பித்தும் பார்த்தார். இறுதியில் 1768-இல் ஹாம்பர்க் நகருக்குச் சென்று, அதன் முதன்மை ஆலயங்களின் இசைப்பொறுப்பை ஏற்றார். அரண்மனையில் இருந்த காலத்திலேயே விசைப்பலகை வாசிப்பைக் குறித்து ஒரு பெருநூல் எழுதினார். 1762-இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகம் பெரும்பாலும் துணைவாசிப்பைப் பற்றியது. பிறர் பொருட்படுத்தாத பணியை அவர் அத்தனை கருத்தாய் மதித்தார்.

1852-இல் ஓவியர் அடோல்ஃப் மென்ஸல் சான்சூசி அரண்மனையின் இசைமாலை ஒன்றைக் கற்பனை செய்து வரைந்து முடித்தார். மெழுகுவர்த்திகளின் ஒளியில் மன்னர் நடுவே நின்று குழல் வாசிக்கிறார். எமானுவேல் விசைப்பலகையின் முன் அமர்ந்திருக்கிறார். நூறாண்டு கழிந்த பின்னும் நடுவிடம் மன்னருக்கே.

ஆனால் தந்தை பாக் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். ஏறத்தாழ 1736-இல் லைப்சிக் நகரில் தம் கைப்பட எழுதிய பி மைனர் சொனாட்டாவில், ஹார்ப்சிகார்டின் வலக்கைக்கும் அவரே சுரங்களை முழுவதுமாக எழுதினார். குழல் பாடியதை ஹார்ப்சிகார்டு வாங்கித் தொடர்கிறது. ஹார்ப்சிகார்டு தொடங்கியதைக் குழல் ஏற்கிறது. தலைப்பிலும் ஹார்ப்சிகார்டின் பெயரே முதலில் நிற்கிறது. துணைநின்ற கரத்தை அவர் உரையாடலுக்கு அழைத்தார். தம் ஆலய இசைப்படிகள் பலவற்றின் முடிவில், தேவன் ஒருவருக்கே மகிமை என்று பொருள்படும் மூன்று எழுத்துகளை எழுதிய மனிதர் அவர். மகிமை தேவனுக்கே என்றறிந்தவருக்கு, உடனிருப்பவரோடு இடத்தைப் பகிர்ந்துகொள்வது கடினமாயிராது என்றே நான் எண்ணுகிறேன்.

பிரியமானவர்களே, இதை எழுதும்போது என் மனம் என்னைக் குற்றப்படுத்துகிறது. நான் முன்பு பணியாற்றிய சபையொன்றில் ஒரு பெரியவர் ஞாயிறு தவறாமல் ஆர்கன் வாசித்தார். பண்டிகை நாட்களில் தனிப்பாடல் பாடியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினேன். அவர் பெயரை ஒருநாளும் அறிவிப்பில் சொன்னதில்லை. அவரிடம் தாழ்மையைக் குறித்து மட்டும் பேசினேன். அவருடைய அடக்க ஆராதனையில்தான், எவருடைய துணையுமின்றிப் பாடிய சபையின் குரல் எவ்வளவு தடுமாறுகிறது என்பதைக் கேட்டேன். தாழ்மை அவருடைய நற்பண்பு. அவரை மறந்தது என் பிழை. முந்தியதைக் காட்டிப் பிந்தியதை மூடிவிட முடியாது.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது இருவர் அவற்றைத் தாங்கினார்கள். வேதம் அவர்களைப் பெயரில்லாமல் விட்டுவிடவில்லை. ஆரோனை நாம் அறிவோம். ஊர் என்பவரைப் பற்றி நாம் அதிகம் அறியோம். ஆயினும் அவருடைய பெயரும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் சபையில், உங்கள் வீட்டில், உங்கள் கைகளைத் தாங்குபவர் யார்? இந்த வாரம் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுங்கள். அவர் உயிரோடிருக்கும்போதே கூறுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்களைத் தாங்கும் கரங்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். நாங்கள் மறந்தவர்களை நீர் மறவாதிருப்பதற்காக உமக்கு ஸ்தோத்திரம். ஆமென்.